மலையில் உட்கார்ந்து கடல் விற்ற கதை

தேங்காய் விற்பவன் தட்டிக் காட்டலாம், துணி விற்பவன் விரித்துக் காட்டலாம். மலைநாட்டு மாத்தளை டவுனில் உட்கார்ந்துகொண்டு கடலுக்குள் இருக்கும் வீட்டை விற்பவன் வாயைத் திறந்து மூடுவதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்? கண்ணில் காட்ட முடியாத சரக்கை விற்றுப் பிழைக்கும் இன்சூரன்ஸ்காரர்களே, கலியாணத் தரகர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் நான் ஒரு வாசனைத் தோட்டத்தில் வழிகாட்டி. ஏலக்காய்ச் செடியையும் கறுவாப் பட்டையையும் காட்டிவிட்டு, கடைசியில் சுற்றுலாப் பயணிகளுக்கு முடி வளரும் எண்ணெய் விற்க வேண்டும். என் தலையை ஒரு தடவை பார்த்தவர்கள் அந்த எண்ணெயை இரண்டாம் தடவை பார்ப்பதில்லை. அப்படிப்பட்ட சமயத்தில்தான் கண்டல்தீவு வந்து என்னைக் காப்பாற்றியது.

கண்டல்தீவு கிழக்குக் கரையில், களப்பு என்கிற உப்பங்கழிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே ஒரு கம்பனி குடியிருப்பு கட்டுகிறது, அதன் மாத்தளைக் கிளைக்கு என்னை எடுத்துக்கொண்டார்கள். மரத்தை வெட்டிவிட்டு வீடு கட்டுவது நம் வழக்கம். அங்கே மரம் விட்ட இடத்தில்தான் வீடு. வீடுகள் எல்லாம் தரையைத் தொடாமல் கால் ஊன்றி நிற்கும். மதில் கிடையாது. வாகனம் கிடையாது. ஆமை முட்டையிடும் மணல் பக்கம் விளக்கு கிடையாது. தண்ணீர் போகிற வழியில் எந்தக் கட்டடமும் கிடையாது. சுருக்கமாகச் சொன்னால், 'கிடையாது'களை விற்பதுதான் என் உத்தியோகம்.

எட்டெட்டு வீடுகளாக, நடுவில் ஒரு பொது முற்றம் வைத்துத் திட்டம் போட்டிருந்தார்கள். மாத்தளைக் கிளையில் இருந்து ஏழு குடும்பங்களைச் சேர்த்துக் கொடுத்தால், அதே முற்றத்தில் எட்டாவது வீட்டை ஊழியர் சலுகையில் நான் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் என் மனைவி சாந்தியிடம் சொன்னேன். அவள் அலுமாரி மேலே பார்த்தாள். எங்கள் கலியாணத்துக்கு வந்த சுவர்க் கடிகாரம் அங்கே துணியில் சுற்றியபடி கிடந்தது. பதினொரு வருஷத்தில் ஆறு வாடகை வீடு மாறியிருக்கிறோம். ஆறு வீட்டுச் சொந்தக்காரர்களும் சாவியைக் கொடுக்கும்போது சொல்லிவைத்த மாதிரி ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது."

பெட்டிக்குள் ஒரு தீவு

எங்கள் ஆபீசில் பெரிய கண்ணாடிப் பெட்டிக்குள் தீவின் மாதிரி இருந்தது. நீலக் கண்ணாடியில் கடல், பாசியில் மரம், தீப்பெட்டி அளவில் வீடுகள். முத்துமாரியம்மன் கோயில் தேர் நாளில் கதவைத் திறந்து வைத்திருந்தேன். வெயிலில் வந்த சனம் எல்லாம் ஏசிக்காக உள்ளே நுழைந்தது. யாரோ ஒருவர் பெட்டியைச் சுற்றி வந்தார், அவருக்குப் பின்னால் வந்தவர்களும் சுற்றினார்கள். சாயங்காலம் பார்த்தால் நீலக் கண்ணாடிக் கடலுக்குப் பக்கத்தில் யாரோ இரண்டு செவ்வரளிப் பூவும் வைத்திருந்தார்கள்.

கூட்டத்தில் ஒரு அம்மா மட்டும் அரை மணி நேரம் நின்று எல்லாவற்றையும் விசாரித்தார். படகுத்துறை எங்கே, குடிதண்ணீர் எப்படி, ஆமை எந்த மாதம் வரும் என்று கேட்கக் கேட்க எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. முதல் ஆள் மாட்டிவிட்டார் என்று பேனாவைக் கூடத் திறந்துவிட்டேன். அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாம் நல்லாத்தாங்க இருக்கு, மாத்தளை பஸ்ஸு எந்தப் பக்கமா வந்து திரும்பும்?"

மதில் இல்லாத ஊர்

கமலா டீச்சர் ஓய்வுபெற்றவர். முப்பது வருஷம் மாத்தளையில் இருந்து நாவுலைக்குத் தினமும் பஸ்ஸில் போய்ப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். அவருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் நடுவில் எல்லையில் ஒரு பலா மரம். மரம் யாருடையது, பழம் யாருடையது, உதிரும் இலையைக் கூட்டுவது யார் என்று பதினைந்து வருஷ வழக்கு. நீதவான்கள் மாறினார்கள், வக்கீல்கள் மாறினார்கள், மரம் மட்டும் வருஷா வருஷம் காய்த்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் வீட்டை விற்றுவிட்டு மகனோடு போய்விட்டார். அதற்குப் பிறகு டீச்சருக்குத் தன் வீடே வெறிச்சென்று ஆகிவிட்டது. வேறு இடம் பார்க்கலாம் என்று எங்கள் ஆபீசுக்கு வந்தார்.

நான் தீவின் பெருமைகளை அடுக்கினேன். வீட்டுக்கு வீடு மதில் இல்லை, வேலி இல்லை, காற்றும் நண்டும் வீட்டுக்கு அடியில் தாராளமாகப் போய் வரும் என்றேன். டீச்சரின் முகம் வாடிப் போனது. என்ன டீச்சர், பிடிக்கவில்லையா என்று கேட்டேன்.

"பிடிக்காம என்ன குமாரு, மதிலே இல்லன்னா பக்கத்து வீட்டுக்காரங்களோட எத வச்சுச் சண்ட போடுறது?"

சவர்க்காரம் செய்த வேலை

ஏழு குடும்பம் ஒரு வழியாகச் சேர்ந்தது. இடத்தை நேரில் பார்க்க வேன் பிடித்துக் கிளம்பினோம். மிளகு, கராம்பு வியாபாரம் செய்யும், எல்லோருக்கும் அண்ணன் முறையான நூர்தீன் நானாதான் தலைவர் மாதிரி முன் சீட்டில். எங்கள் பக்கத்துக் காட்டில் கால் வைத்தால் அட்டை ஏறும். அட்டைக்கு மருந்து சவர்க்காரம், அதாவது சோப்பு. கடற்கரையில் அட்டை இருக்காது என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. தீவு, அதுவும் மரம் வெட்டாத தீவு என்றால் அட்டை இல்லாமல் இருக்குமா என்றுதான் நினைத்தோம். வேன் நாவுலையைத் தாண்டியதும் நானா ஒரு முழுச் சவர்க்காரக் கட்டியை எடுத்துத் தண்ணீரில் நனைத்து உள்ளங்காலில் இருந்து முழங்கால் வரை பூசிக்கொண்டார். கட்டி வேன் முழுக்கக் கைமாறியது. நானும் பூசினேன். பொய் சொல்லக் கூடாது.

படகுத்துறை என்பது பத்தடி நீளப் பலகை. அதன் மேல் அலை தெறித்து ஈரமாக இருந்தது. நானா பிஸ்மி சொல்லி முதல் அடி எடுத்து வைத்தார். இரண்டாவது அடி வைக்கவில்லை. உட்கார்ந்த வாக்கில் சறுக்கிக்கொண்டு நேராகப் படகுக்குள் போய்ச் சேர்ந்தார். என்ன ஆச்சோ என்று ஓடிய கமலா டீச்சரும் பின்னாலேயே அதே முறையில் வந்து சேர்ந்தார். மற்றவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தவழ்ந்து போனோம். நானா தொப்பியைத் தேடிப் போட்டுக்கொண்டு காலைத் தடவிப் பார்த்தார்.

"அட்ட ஒன்னும் கடிக்கல்ல தம்பி, சவர்க்காரம்தான் கடிச்சிட்டு!"

விற்க வந்தவர்

இப்போது ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். ஒரு வருஷமாகக் கடல் விற்றுக்கொண்டிருந்த நான், பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஒரு தடவை தூரத்தில் இருந்து பார்த்ததைத் தவிர, கடலுக்குப் பக்கத்தில் போனதே இல்லை. நீச்சலும் தெரியாது. ஆபீசில் 'அலையின் தாலாட்டு' என்று நான் விவரிப்பதைக் கேட்டவர்கள் என்னை மீனவர் குடும்பம் என்று நினைத்திருப்பார்கள்.

படகு களப்பின் நடுவுக்கு வந்ததும் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோதுதான் தெரிந்தது, கிடைத்தது படகோட்டியின் கால். அவர் பெரிய மனது பண்ணி அதை அசைக்கவில்லை. கரை சேர்ந்த பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"வாங்க வந்த ஆக்கள் எல்லாம் நிமிர்ந்து இருக்காங்க, விக்க வந்தவருதான் என்ட காலக் கட்டிப் பிடிச்சிட்டு வாறாரு!"

தண்ணீர் திறப்பவர் யார்?

தீவு அழகாகத்தான் இருந்தது. நான் சொன்ன பொய்களை விட அழகாக இருந்தது. நடுவில் ஒரு பெரிய பாலை மரம், அதைச் சுற்றி எங்கள் முற்றத்துக்கான இடம், கரையெல்லாம் கண்டல் மரங்கள் சேற்றில் விரல் ஊன்றி நின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் மூலைக் கம்பில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். எல்லோரும் குழந்தைகள் மாதிரி அவரவர் துணியைத் தேடி ஓடினோம்.

லெச்சுமி அக்கா மட்டும் கரையிலேயே குந்தியிருந்தார். அவர் வில்கமுவவில் வயல் செய்பவர். கை டிராக்டரைத் தானே ஓட்டுவார். வெளிநாட்டில் இருக்கும் தங்கச்சியோடு சேர்ந்து இங்கே ஒரு வீட்டை எடுக்கிறார். அவர்கள் ஊரில் வாய்க்கால் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். முறை தவறினால் ஆபீசரைப் போய்க் கெஞ்ச வேண்டும். காலையில் காய்ந்து கிடந்த சேறு மத்தியானம் மெல்ல மெல்ல நனைந்து, தண்ணீர் அக்காவின் காலைத் தொட்டது. அக்கா எழுந்து நாலாபக்கமும் மதகைத் தேடினார். எந்த ஆபீசில் இருந்து திறக்கிறார்கள், அடுத்த முறை எப்போது என்று என்னைக் கேட்டார். ஆபீஸ் எதுவும் இல்லை, எல்லாம் சந்திரன் செய்கிற வேலை, இன்றைக்கே இன்னொரு தடவை வரும் என்றேன். உப்புத் தண்ணீர் என்பதையும் சொன்னேன். அதை அவர் காதில் வாங்கவே இல்லை.

"ஒரு ஆபீசரையும் கெஞ்சாம ஒரு நாளைக்கு ரெண்டு தடவ தண்ணி வருதுன்னா, அந்த ஊருக்கு நா இன்னைக்கே குடிவாரேன் தம்பி."

எட்டாம் நம்பர்

அக்கா அதோடு விடவில்லை. தண்ணீர் எதுவரை போகிறது என்று பார்க்க அதன் பின்னாலேயே நடந்தார். நானும் போனேன். பாலை மரத்துக்கு அந்தப் பக்கம் தரை லேசாகப் பள்ளம் விழுந்து, ஒரு தடம் மாதிரி களப்பில் இருந்து கடல் பக்கம் போனது. அந்தத் தடத்தில் மட்டும் பெரிய மரம் ஒன்றும் இல்லை. புல்லெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தது. அக்கா மண்ணைக் கையில் அள்ளி விரலால் தேய்த்துப் பார்த்தார். மழை பிடித்துக் களப்பு நிரம்பினால் தண்ணீர் இந்த வழியாகத்தான் வெட்டிக்கொண்டு கடலுக்குப் போகும், இப்போது கோடை என்பதால் யார் கண்ணிலும் படவில்லை என்றார். தடத்தின் நடுவில் ஒரு கம்பும் சிவப்புத் துணியும் நின்றன. இது யாருடைய வீடு என்று கேட்டார்.

"என்னோடது" என்றேன்.

தண்ணீர் போகிற வழியில் எந்தக் கட்டடமும் கிடையாது என்று மாத்தளை முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான். ஆபீசுக்குத் தெரிந்தால் அந்த இடத்தைத் திட்டத்தில் இருந்து அடித்துவிடுவார்கள். மற்ற ஏழு வீட்டுக்கும் ஒன்றும் ஆகாது, சலுகை வீடு மட்டும் போய்விடும். என் முகத்தைப் பார்த்தே அக்கா பாதி தெரிந்துகொண்டார். கையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

"சொல்றதும் சொல்லாததும் ஒங்க இஷ்டம் தம்பி, நா வாயத் தொறக்க மாட்டேன், ஆனா தண்ணிக்கு நம்ம இஷ்டம் தெரியாது."

சாந்தி சொன்னது

நான்கு நாள் நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆபீசில் கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கும்போது எட்டாம் நம்பர் வீட்டுப் பக்கம் மட்டும் துடைக்காமல் விட்டேன். கால் ஊன்றிய வீடுதானே, தண்ணீர் அடியில் போய்விட்டுப் போகட்டும் என்று எனக்கு நானே வக்கீலாகவும் வாதாடிப் பார்த்தேன். ஐந்தாம் நாள் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சாந்தியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழத்தான் செய்தாள். அழுதுவிட்டு எனக்கு இன்னொரு கரண்டி பருப்பு ஊற்றினாள்.

"பதினோரு வருஷமா அலுமாரி மேல கெடந்த மணிக்கூடு இன்னும் கொஞ்ச நாளு கெடக்கட்டும், நீங்க நாளைக்கே போயி சொல்லிட்டு வாங்க."

மூன்று பேர் சீட்

சொன்னேன். தீவுக்குத் திட்டம் வரைந்த ஆர்க்கிடெக்ட் மிஸ் முதலில் நம்பவில்லை. மழை பிடித்ததும் லெச்சுமி அக்காவையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார். அக்கா சொன்ன அதே தடத்தில், என் சிவப்புத் துணியைச் சுற்றிக்கொண்டு, தண்ணீர் சளசளவென்று ஓடிக்கொண்டிருந்ததாம். அடுத்த வாரம் மாத்தளைக்கே வந்து எல்லோரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார். அக்காவுக்கு எல்லோர் முன்னாலும் நன்றி சொன்னார். பிறகு கண்ணாடி மூடியைத் திறந்து, எட்டாம் நம்பர் தீப்பெட்டி வீட்டை இரண்டு விரலால் எடுத்து மேசை ஓரத்தில் வைத்தார்.

அது யாருடைய வீடு என்று நூர்தீன் நானா கேட்டார். நான் எதையோ தேடுவது போல மேசைக்கு அடியில் குனிந்தேன். லெச்சுமி அக்காதான் பதில் சொன்னார். பிறகு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். கமலா டீச்சர் எழுந்து வந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பெட்டிக்குள் கையை விட்டார். தன்னுடைய வீட்டை ஒரு விரலால் இடது பக்கம் கொஞ்சம் தள்ளினார். ஒரு பலா மரத்துக்காகப் பதினைந்து வருஷம் கோர்ட்டுப் படி ஏறியவர்!

நானா பார்த்தார். தன் வீட்டையும் தள்ளினார். "டீச்சர், இப்ப எங்கட குசினி ஜன்னல் ஒங்கட பக்கம் வருது, சண்ட பிடிக்க வசதி" என்று பகிடியும் விட்டார். லெச்சுமி அக்கா ஒன்று தள்ள, மற்றவர்கள் ஒவ்வொன்றாகத் தள்ள, பாலை மரத்துக்கு இந்தப் பக்கம், மேட்டில், ஒரு தீப்பெட்டிக்கு இடம் விழுந்தது. மிஸ் அளவுகோலை வைத்து மூன்று தடவை அளந்தார். மரத்துக்கு ஆபத்தில்லை, தண்ணீருக்குத் தடையில்லை, ஆனால் ஒவ்வொருவருக்கும் முன்பக்கத்தில் சில அடி குறையும், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். என்னால் அதற்கு மேல் தலையை நிமிர்த்த முடியவில்லை. கண்ணெல்லாம் தண்ணீர். டீச்சர்தான் எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொன்னார்.

"மூணு பேர் சீட்டுல நாலாவது ஆளுக்குத் தள்ளி எடங்குடுத்துத்தான் மிஸ் முப்பது வருஷம் நாவுல பஸ்ல போனேன், ஏழு பேர் தள்ளி உக்காந்தா எட்டாவது ஆளுக்கு எடம் இல்லாமப் போயிருமா?"

ஒற்றை ஆணி

வீடுகளுக்குக் கால் ஊன்றிவிட்டார்கள். தரைப் பலகை போட்டாகிவிட்டது. சுவர் இன்னும் எழும்பவில்லை. ஆனால் சாந்திக்குப் பொறுக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நல்ல சேலை கட்டி, எனக்கும் இஸ்திரி போட்ட சட்டையைக் கொடுத்து, டவுனில் இருக்கும் ஒரு ஹார்ட்வெயார் கடைக்குக் கூட்டிப் போனாள். உப்புக் காற்றில் துருப்பிடிக்காத ஆணி வேண்டும் என்றாள். கடைக்காரர் ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து கொட்டினார். அவள் ஒவ்வொன்றாக எடுத்து, முனையைப் பார்த்து, தலையைப் பார்த்து, வெண்டைக்காய் பொறுக்குவது போலக் கால் மணி நேரம் பொறுக்கி, ஒரே ஒரு ஆணியை மட்டும் தனியாக எடுத்து வைத்தாள். கடைக்காரர் அந்த ஆணியையும் பார்த்தார், எங்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"நா கட தொறந்த நாள்ல இருந்து, ஒத்த ஆணி வாங்க புருசனும் பொஞ்சாதியும் உடுத்திக்கிட்டு வந்தது நீங்கதாங்க."

மலையில் உட்கார்ந்து இத்தனை நாள் கடல் விற்றாயே, என்ன மிச்சம் பிடித்தாய் என்று என்னை யாராவது கேட்டால், என் வாயை நம்ப வேண்டாம், சாந்தியின் பர்சைத் திறந்து அந்த ஒற்றை ஆணியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.